கூலி மலிவாக இருந்தால் போதுமா? வங்கதேசத்துச் சட்டைகள் சொல்லும் பதில்

"வளரும் நாடுகள் உலகச் சந்தையில் போட்டி போட முடிவது அங்கே கூலி மலிவு என்பதால்தானே, அதைத் தாண்டி வேறு என்ன இருக்கிறது?" என்பது கேள்வி. கூலி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இன்று ஐரோப்பாவில் விற்கும் சட்டைகளில் பெரும்பகுதி எத்தியோப்பியாவிலிருந்து போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அது ஏன் என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிக்கு வங்கதேசத்தைப் பார்க்க வேண்டும். நான் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் இருப்பவன். எங்கள் ஆர்டர் கைநழுவும்போதெல்லாம் அது போய்ச் சேரும் இடமாகப் பல வருடங்களாக இருப்பது அந்த நாடுதான். அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எத்தியோப்பியா. 2016இல் அங்கே ஹவாசா என்ற ஊரில் ஒரு பெரிய தொழிற்பேட்டையைத் திறந்தார்கள். ஷெட், மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் தயார். டாமி ஹில்ஃபிகர், கால்வின் கிளைன் பிராண்டுகளை வைத்திருக்கும் பி.வி.எச். நிறுவனமே வந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் அளவில்தான் இருந்தது. 2018 கடைசியில் வங்கதேசம் தன் ஆடைத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அந்நாட்டு நாணயத்தில் 8,000 டாக்கா, அதாவது ஏறக்குறைய 95 டாலர். கூலி மட்டும்தான் கணக்கு என்றால் போட்டி அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பற்றவில்லை. கொஞ்சம் தையல் பழகிய கையோடு விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வருடத்தில் ஆட்கள் முழுவதும் மாறிப்போகும் நிலை பல கம்பெனிகளில் இருந்தது. துணியிலிருந்து பட்டன், லேபிள் வரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது, எல்லாம் ஜிபூட்டி துறைமுகம் வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரைவழி வர வேண்டும். அப்புறம் 2020இல் உள்நாட்டுப் போர். வரியில்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பும் சலுகையை 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா நிறுத்தியது. அதற்குச் சற்று முன்பே பி.வி.எச். தன் ஆலையை மூடிவிட்டது.

இதில் போரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு கணக்கு மிஞ்சும். கூலி பாதியாக இருந்து, ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்கும் பீஸும் பாதியாக இருந்தால் ஒரு பீஸுக்கு விழும் கூலியில் எந்த மாற்றமும் இல்லை. ஷெட் வாடகை, மெஷின் தேய்மானம், மேற்பார்வைச் செலவு எல்லாம் பீஸுக்கு இரண்டு மடங்காகிவிடும். சாதாரண டி-சர்ட் தைக்கிற லைனைப் பாருங்கள். ஒருவர் ஓவர்லாக்கில் தோள்பட்டை சேர்ப்பார், அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார், அடுத்து கை, அப்புறம் பக்கவாட்டுத் தையல், கடைசியில் கீழ்மடிப்பு. பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். கழுத்துப் பட்டி வைப்பவர் புது ஆள் என்றால் அவருக்கு முன்னால் பீஸ் மலையாகக் குவியும், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முப்பது பேர் லைனின் வேகத்தை அந்த ஒருவரின் கைதான் தீர்மானிக்கும். லைன் எங்கே அடைக்கும் என்று முன்கூட்டியே பார்த்து ஆளை மாற்றிப் போடத் தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர் இருந்தால், அதே ஆட்கள், அதே மெஷினில் உற்பத்தி கணிசமாக ஏறும். அந்த சூப்பர்வைசர் எங்கிருந்து வருகிறார் என்பதுதான் வளரும் நாட்டுக்கு உயிரான கேள்வி.

வங்கதேசத்துக்கு அவர் தென்கொரியாவிலிருந்து வந்தார்.

1971இல் பிறந்த நாடு. 1974இல் கொடும் பஞ்சம். ஏற்றுமதி என்றால் சணல், அதையும் பிளாஸ்டிக் தின்றுகொண்டிருந்தது. அந்த நிலையில் நூருல் காதர் கான் என்ற முன்னாள் அரசு அதிகாரி 'தேஷ் கார்மென்ட்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1978இல் கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். டேவூவுக்கு இதில் என்ன லாபம்? அன்று பல்லிழை ஒப்பந்தம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணிமணி வாங்கலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதன்படி கோட்டா வைத்திருந்தன. கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது, வங்கதேசத்துக்கு அந்தக் கோட்டா வரம்பே வைக்கவில்லை. கொரியர்களுக்கு வேண்டியது இன்னொரு நாட்டின் முகவரி.

ஒப்பந்தப்படி தேஷ் தன் ஆட்கள் 130 பேரை 1979இல் பூசானில் இருந்த டேவூ ஆலைக்கு அனுப்பியது. ஏறக்குறைய ஆறு மாதம் பயிற்சி. தையல் மட்டுமில்லை; கட்டிங், தரப் பரிசோதனை, மெஷின் பராமரிப்பு, பையரிடம், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம் பேசுவது, கப்பல் ஆவணங்கள் வரை கற்றுக்கொண்டார்கள். 1980இல் சிட்டகாங்குக்குப் பக்கத்தில் காலூர்காட் என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருடமே, 1981இல், தேஷ் டேவூவுடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. தனியாக நடக்க அதற்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1987க்குள் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறியிருந்தார்கள். சிலர் சொந்தமாகக் கம்பெனி வைத்தார்கள், மற்றவர்கள் புதிதாக முளைத்த கம்பெனிகளில் மேலாளர்களாகப் போனார்கள். முதலாளியின் கண்ணில் இது நஷ்டம், நாட்டுக்கோ இதைவிடப் பெரிய லாபம் இல்லை. நூருல் காதர் கான் பணம் போட்டுக் கற்றுக்கொடுத்தது ஒரு தொழிலுக்கே விதையானது. இப்படிப் பரவும் அறிவுக்கு எந்த முதலாளியும் தானாக முன்வந்து செலவு செய்ய மாட்டார், ஏனென்றால் பலன் போட்டியாளருக்குப் போகும். அதனால்தான் முதல் பயிற்சிச் செலவில் அரசு கை கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எங்கள் திருப்பூரிலும் இதே மாதிரிதான் நடந்தது. கட்டிங் மாஸ்டராகவும் டெய்லராகவும் இருந்தவர்கள் நாலு மெஷின் போட்டு முதலாளி ஆனார்கள். எங்களுக்கு இத்தாலியிலிருந்து வெரோனா என்ற பையர் பனியன் வாங்க வந்ததும் அதே 1978இல்தான்.

சரி, ஆள் கற்றுக்கொண்டாயிற்று. அடுத்தது மூலதனம். வங்கதேசம் இதற்குச் செய்த இரண்டு விதிகள் உலகமே படிக்க வேண்டியவை. இரண்டுக்கும் கருவூலத்திலிருந்து பெரிதாகப் பணம் போகவில்லை.

ஒன்று, பேக்-டு-பேக் எல்.சி. சரக்கு அனுப்பியதற்கான ஆவணத்தைக் காட்டினால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. ஒரு கணக்குக்கு உங்களுக்கு 10 லட்சம் டாலர் ஆர்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி, நூல், ஜிப், பட்டன் எல்லாம் சேர்த்து 7 லட்சம் டாலருக்கு இறக்குமதி செய்ய வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவரிடம் 7 லட்சம் டாலர் ஏது? வங்கிக்குப் போனால் நிலப் பத்திரம் கேட்பார்கள். இந்த ஏற்பாட்டில் அது தேவையில்லை. வெளிநாட்டு பையர் உங்கள் பெயரில் திறந்த எல்.சி.யையே ஈடாக வைத்துக்கொண்டு, துணி விற்பவர் பெயரில் உங்கள் வங்கி இன்னொரு எல்.சி. திறக்கும். துணிக்காரருக்குப் பணம் சில மாதம் கழித்துக் கொடுத்தால் போதும். அதற்குள் துணி வந்து இறங்கி, வெட்டி, தைத்து, கப்பலேற்றி, பையரின் பணமும் வந்துவிடும். வந்த பணத்தில் வங்கி துணிக்காரர் கணக்கை முதலில் தீர்த்துவிட்டு மீதியை உங்கள் கணக்கில் போடும். உங்கள் கைப்பணம் மெஷினுக்கும் ஷெட்டுக்கும் சம்பளத்துக்கும் இருந்தால் போதும். பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லாதவரும் ஏற்றுமதியாளர் ஆக முடிந்தது.

இரண்டாவது, பாண்டட் கிடங்கு. அன்று வங்கதேசத்தில் இறக்குமதி வரி மிக அதிகம். வரி கட்டித் துணி வாங்கித் தைத்தால் விலை கட்டாது. பல நாடுகள் "முதலில் வரியைக் கட்டு, ஏற்றுமதி ஆன பிறகு திருப்பித் தருகிறோம்" என்று சொல்லும். அந்தத் திருப்பித் தருவது எத்தனை மாதம் கழித்து, எத்தனை மேசைகளைத் தாண்டி வரும் என்பது தொழில் செய்தவருக்குத்தான் தெரியும். வங்கதேசம் அந்தச் சுற்றையே எடுத்துவிட்டது. ஏற்றுமதிக்கான சரக்கு வரி கட்டாமல் சுங்கத்துறையின் கணக்கில் உள்ள கிடங்குக்கு வரும். எவ்வளவு வந்தது, எவ்வளவு ஆடையாக வெளியே போனது என்று பதிவேட்டில் நேர் செய்துகொள்வார்கள். நாட்டின் மற்ற இடங்களில் சிவப்பு நாடா இருந்தாலும், இந்தத் தொழிலுக்கு மட்டும் உலக விலையில் மூலப்பொருள் கிடைத்தது. எந்த நாடு போட்டி போடும் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் பார்ப்பது அங்கே கூலி எவ்வளவு என்பதை அல்ல. துறைமுகத்தில் இறங்கிய துணி எத்தனை நாளில் கட்டிங் டேபிளுக்கு வருகிறது, அதற்குள் கம்பெனிக்காரரின் பணம் எங்கெங்கே முடங்கிக் கிடக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன்.

ஏனென்றால் எங்கள் தொழிலில் தேதிதான் விலை. ஷிப்மென்ட் தேதி தவறினால் பையர் தள்ளுபடி கேட்பார், இல்லாவிட்டால் விமானத்தில் அனுப்பச் சொல்வார். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனால் அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் போய், கையிலிருந்தும் போகும். வங்கதேசத்தின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டின் கடல் வணிகத்தில் பெரும்பகுதி சிட்டகாங் துறைமுகம் ஒன்றின் வழியாகப் போகிறது. கர்ணபுலி ஆற்றுக்குள் இருக்கும் அந்தத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வர ஆழம் போதாது. சின்னக் கப்பலில் ஏற்றி, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பெரிய கப்பலுக்கு மாற்ற வேண்டும். தலைநகர் டாக்காவிலிருந்து சிட்டகாங் வரும் நெடுஞ்சாலையின் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். மாதர்பாரியில் ஆழ்கடல் துறைமுகம் கட்டத் தொடங்கியதே இதனால்தான். இத்தனை தாமதத்தை வைத்துக்கொண்டும் வங்கதேசம் சீனாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது என்றால், அதற்கு ஈடுகொடுக்கும் வேறு ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. அதன் பெயர் வரி. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம், மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் என்ற பட்டியலில் இருப்பவர்களிடம் ஆயுதம் தவிர வேறு எதை வாங்கினாலும் வரி இல்லை என்று அறிவித்தது. அதே டி-சர்ட் இந்தியாவிலிருந்து போனால் அந்த ஆண்டுகளில் சலுகை போக 9.6 விழுக்காடு வரி இருந்தது. மூன்று டாலர் டி-சர்ட்டில் அது 29 சென்ட் வரும். ஒரு டி-சர்ட்டைத் தைத்த டெய்லருக்குப் போகும் கூலிக்குப் பக்கத்தில் நிற்கும் தொகை அது. நாங்கள் என்ன சிக்கனம் பிடித்தாலும் அந்த 29 சென்ட்டைப் பிடிக்க முடியவில்லை. கோட்டா முறை 2004 டிசம்பரோடு முடிந்தபோது, இனி சீனா எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், வங்கதேசம் அழிந்துவிடும் என்று பேசினார்கள். அது மேலும் வளர்ந்தது. இந்த வரிச் சலுகை ஒரு காரணம். சலுகைக்கான நிபந்தனை இன்னொரு காரணம். துணியும் உள்நாட்டிலேயே ஆகியிருக்க வேண்டும் என்று ஐரோப்பா கேட்டதால், டாக்காவை அடுத்த நாராயண்கஞ்ச் பக்கம் நிட்டிங், சாயம், நூற்பாலை என்று பின்னலாடையில் பெரிய முதலீடு வந்தது. இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் ஆலைகள் சொந்தமாகவே மின்சாரம் தயாரித்துக்கொண்டன. பருத்தி மிகக் குறைவாகவே விளையும் நாடு உலகின் பெரிய பருத்தி இறக்குமதியாளர்களில் ஒன்றானது.

அதே காலத்தில் இந்தியாவில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஆடைத் தயாரிப்பைச் சிறுதொழிலுக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். பின்னலாடைக்கு அந்த ஒதுக்கீடு 2005 வரை நீடித்தது. நோக்கம் நல்லதுதான், சிறியவர்கள் பிழைக்க வேண்டும் என்பது. ஆனால் வங்கதேசத்தில் ஒரே கூரைக்குக் கீழ் ஆயிரக்கணக்கானவர்கள் தைக்கும் ஆலைகள் எழுந்தபோது, நம் கம்பெனிகள் சிறுதொழிலுக்கான வரம்பைத் தாண்டாமல் இருக்க ஒன்றை நாலாகப் பிரித்துக்கொண்டிருந்தன. பெரிய பையர் ஐந்து லட்சம் பீஸ் ஒரே மாதிரி கேட்டால் அவருக்குப் பெரிய ஆலைதான் வசதி. நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை 2011இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது இன்னொரு பங்கு ஆர்டர் போனது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மனக்குறை இல்லை, ஆற்றை அந்த நிலைக்குக் கொண்டுபோனது தொழில்தான். அன்று கட்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இன்று பையர்களிடம் எங்கள் பலமாகவும் இருக்கிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் வங்கதேசத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஏறக்குறைய 40 லட்சம் பேர் வேலை செய்யும் தொழில், அதில் பெரும்பாலானவர்கள் பெண்கள். 1970களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் இருந்த நாட்டில், குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். 1994இல் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் கிராமப் பெண்களுக்கு நாடு முழுவதும் உதவித்தொகை வந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை இரண்டுக்குப் பக்கத்தில் வந்ததும், சைஸ் லேபிள் படிக்கத் தெரிந்த பெண் ஆலை வாசலுக்கு வந்து நிற்க முடிந்ததும் தனித்தனிக் கதைகள் இல்லை. ஆலை வேலை இருக்கிறது என்று தெரிந்ததால் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய வீடுகளும் உண்டு. பொருளாதாரப் போட்டித்திறன் என்று பேசும் அறிக்கைகளில் துறைமுகத்துக்கும் வரிக்கும் கிடைக்கும் இடத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைப்பதில்லை.

அந்தப் பெண்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். தேதிதான் விலை என்று மேலே எழுதினேனே, அந்தத் தேதி யார் தலையில் இறங்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதற்குப் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைப் போட்டன. பொறியாளர்கள் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளின் தூண், மின்கம்பி, தீக்கதவு என்று பார்த்துத் திருத்த வைத்தார்கள். பாதுகாப்பைக் கூட்டினால் ஆர்டர் போய்விடும் என்று அன்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஏற்றுமதி அதற்குப் பிறகும் ஏறியது. மனித உயிரைச் செலவுக் கணக்கில் குறைத்தால்தான் போட்டி போட முடியும் என்ற வாதத்தை யார் சொன்னாலும் இந்த ஒரு விவரத்தை அவர்கள் முன்னால் வையுங்கள். கூலி மட்டும் இன்னும் இழுபறிதான். 2023 கடைசியில் போராட்டம் நடத்தித்தான் 12,500 டாக்கா கிடைத்தது. தொழிலாளர்கள் கேட்டது அதைவிட நிறைய.

இவ்வளவும் ஒரு நாட்டை ஒரு பொருளில் போட்டியாளர் ஆக்கும். அடுத்த பொருளுக்குத் தாவ வைக்குமா என்பது வேறு கேள்வி, இதில் வங்கதேசம் தடுமாறுகிறது. அதன் ஏற்றுமதியில் 80 விழுக்காட்டுக்கு மேல் இன்னும் ஆடைதான். கொரியாவும் இப்படித்தான் தொடங்கியது. 1960களில் அது விற்றது பின்னலாடையும் பிளைவுட்டும் தலைமுடி விக்கும். ஆனால் அங்கே அரசு மலிவான வங்கிக் கடனைக் கொடுத்து, பதிலுக்கு ஏற்றுமதி இலக்கைக் கேட்டது. மாதா மாதம் ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயே கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்டார். அந்த ஆட்சியின் அடக்குமுறையை நான் பாராட்டவில்லை. ஆனால் சலுகை வாங்கியவர் வெளிநாட்டில் விற்றுக் காட்ட வேண்டும் என்ற கண்டிப்பு வேலை செய்தது. 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலர் ஆனது. வியட்நாம் வேறு வழியில் போனது. 2007இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, ஒன்றன் பின் ஒன்றாக வர்த்தக ஒப்பந்தம் போட்டது, சாம்சங்கை பாக் நின் மாகாணத்துக்கு வரவழைத்தது. இன்று அது சட்டையும் விற்கிறது, செல்போனும் விற்கிறது.

வங்கதேசத்தில் தோல் பொருளோ சைக்கிளோ பிளாஸ்டிக்கோ செய்பவருக்கு, ஆடைக்காரருக்குக் கிடைத்த பாண்டட் வசதி அதே சுலபத்தில் கிடைப்பதில்லை. உள்நாட்டுச் சந்தைக்கு உயர்ந்த வரிச் சுவர் இருப்பதால் அவர்களுக்கு உள்ளூரில் விற்பதே லாபமாகவும் இருக்கிறது. ஒரு தொழிலுக்குத் திறந்த கதவை மற்றவற்றுக்குத் திறக்கவில்லை. இலங்கையை இங்கே ஒப்பிடலாம். அங்கே கூலி நீண்ட காலம் வங்கதேசத்தைவிட அதிகமாக இருந்தது. விலையில் மோத முடியாது என்று தெரிந்து, நுணுக்கமான தையல் தேவைப்படும் பெண்களின் உள்ளாடைக்கும் விளையாட்டு உடைக்கும் நகர்ந்தார்கள். 2010இல் ஐரோப்பிய வரிச் சலுகை போய், 2017இல் திரும்பக் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க அந்தத் திறமைதான் உதவியது.

வங்கதேசத்துக்கும் அந்தச் சோதனை வருகிறது. அது மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து மேலேறும் நாள் 2026 நவம்பர் என்று குறிக்கப்பட்டது. அப்படி ஏறினாலும் ஐரோப்பா மூன்று வருட அவகாசம் கொடுக்கும், அதற்குப் பிறகு பழைய சலுகை தானாகத் தொடராது. இப்போது 2011இல் தளர்த்திய விதிப்படி, சீனத் துணியை வாங்கிச் சட்டையாகத் தைத்தாலே வரி இல்லை. அவகாசம் முடிந்த பிறகு துணியையும் உள்நாட்டில் நெய்தால்தான் சலுகை என்று வரும். பின்னலாடைக்காரர்களுக்கு அதில் பெரிய கவலை இல்லை, அவர்களிடம் நூலும் துணியும் இருக்கின்றன. சட்டை, பேன்ட் தைப்பவர்கள் துணிக்கு இன்னும் சீனாவை நம்பியிருக்கிறார்கள். முன்பு மலிவாக இருந்த எரிவாயுவும் இப்போது தட்டுப்பாடு, இறக்குமதி விலை. நெசவாலைக்கும் பாலியஸ்டர் துணிக்கும் முதலீடு போடும் கம்பெனிகள் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்கு எரிவாயுவும் துறைமுகமும் நேரத்துக்குக் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் பையர்கள் அடுத்த ஐந்து வருட ஆர்டரைப் பிரித்துக் கொடுப்பார்கள்.